கடைசிச் சம்பளத்திலிருந்து முதல் சம்பளம் வரை: 35 வயதில் செவிலியர் படிப்பைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

2019 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருக் கோயிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், நான் 13 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவந்த ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் ஆட்குறைப்பு அறிவிப்பை ஒட்டினார்கள். டர்பனின் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் வளர்ந்தவள் நான். என் அம்மாவும் அப்படி ஓர் ஆலையில் வேலை இழந்தவர்தான். ஆகையால் அதிர்ச்சியைவிட, வரவேண்டியது வந்து சேர்ந்துவிட்டது என்ற எண்ணமே எனக்கு ஏற்பட்டது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, ஆட்குறைப்பில் போகிறவருக்கு அவர் வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் இழப்பீடாகத் தரவேண்டும். நவம்பர் இறுதியில் கடைசிச் சம்பளமும் அந்த 13 வாரத் தொகையும் என் கணக்கில் சேர்ந்தன. அப்போது எனக்கு வயது 35. மகளுக்கு 9. கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறார். வீட்டுக் கடனில் இன்னும் 11 ஆண்டுத் தவணை பாக்கி இருந்தது.

ஏன் செவிலியம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய கதை எதுவும் இல்லை. மாமனார் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தார். அவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், விழுங்கும்போது புரை ஏறாமல் தலையை எந்தக் கோணத்தில் வைக்கவேண்டும் என்பதும் எனக்குப் பழகிப்போயிருந்தன. அந்த வேலை எனக்கு அருவருப்பாக இல்லை என்பது ஒன்று. வேறு எந்தக் கணக்கு வேலைக்கு மனுப் போட்டாலும் அதே துறையில் அடுத்த மூடுவிழாவுக்குக் காத்திருக்கவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டே காரணங்கள்.

வணிகவியலில் பட்டம் பெற்றவள் என்பதால், ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர்களுக்கு ஏதேனும் குறுக்குவழி இருக்குமா என்று முதலில் தேடினேன். தேடிய அன்றே கண்ணில் பட்டது அமெரிக்காவின் ஆக்சிலரேட்டட் நர்சிங் எனப்படும் விரைவுப் பட்டப்படிப்பு. வேறு எந்தத் துறையில் பட்டம் பெற்றிருந்தாலும், 11 முதல் 18 மாதங்களுக்குள் செவிலியர் இளநிலைப் பட்டம் தரும் திட்டங்கள் அங்கே பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. அடுத்து இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கான இரண்டு ஆண்டுப் படிப்பு, ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு என்று வரிசையாக வந்தன. இங்கே தென்னாப்பிரிக்காவிலோ நான்கு ஆண்டுகள். நான் குறித்துவைத்த அமெரிக்கத் திட்டத்தின் 16 மாதத்தையும் இங்குள்ள 48 மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வாரங்கள் நான் மனத்தளவில் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் குடியிருந்தேன்.

அந்த மயக்கத்தைக் கலைத்தவர் என் பெரியம்மா. 1970களில் டர்பனில் பயிற்சி பெற்று, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் பயிற்சியில் சேர்ந்த பெண் நர்ஸ் விடுதியில் தங்கி மாதந்தோறும் படித்தொகையும் வாங்கினாள்; இன்றைய மாணவி கட்டணம் கட்டிக்கொண்டு அதே வார்டில் நிற்கிறாள் என்பதில் அவருக்குத் தீராத வருத்தம் உண்டு. நான் அச்செடுத்துக் கொண்டுபோன தாள்களை எல்லாம் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசத்துல முடியுதுன்னு பாக்கறியேம்மா, முடிஞ்ச பிறகு எந்தப் பதிவேட்டுல உன் பேரு ஏறும்னு பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "அதை மொதல்ல பாரு. பேரு ஏறாத நர்ஸ் வார்டுக்குள்ள வர்ற சொந்தக்காரிதான்" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் என் உண்மையான தேடல் தொடங்கியது. கணக்கு எழுதியவளின் பழக்கத்தால் ஓர் அகலமான பேரேட்டுத் தாளை எடுத்துக்கொண்டேன். வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பட்டமளிப்பு வரை எண்ணுவதைக் கைவிட்டு, எனக்குக் கடைசிச் சம்பளம் வரும் நாளிலிருந்து செவிலியராக முதல் சம்பளம் வரும் நாள் வரை எத்தனை மாதங்கள் என்று ஒவ்வொரு வழிக்கும் எண்ணினேன். விளம்பரங்கள் சொல்லும் எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் இடையே இருந்த இடைவெளி எனக்கே வியப்பாக இருந்தது.

அமெரிக்கத் திட்டத்தின் 16 மாதங்கள் தொடங்குவதற்கு முன்பே முன்தகுதிப் பாடங்கள் காத்திருந்தன. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், ஊட்டச்சத்து, மனித வளர்ச்சி உளவியல் என்று பள்ளிக்குப் பள்ளி சற்று மாறினாலும் பட்டியலின் உடம்பு ஒன்றுதான். இவற்றில் சிலவற்றை ஆய்வகத்தோடு முடித்திருக்கவேண்டும். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு மேல் பழையனவாக இருந்தால் பல பள்ளிகள் ஏற்பதில்லை. வணிகவியல் பட்டத்தில் நான் படித்த புள்ளியியலுக்கு வயது 14. எனவே ஓராண்டு அதற்கே போகும். அதன்பின் மதிப்பெண் சான்றுகளை மதிப்பீட்டுக்கு அனுப்புவது, விண்ணப்பம், விசா ஆகியவற்றுக்கு ஆறு மாதமாவது வேண்டும். பிறகுதான் 16 மாதங்கள். அது முடிந்ததும் என்கிளெக்ஸ் எனப்படும் செவிலியர் உரிமத் தேர்வு. அதில் தேறினால் ஒரு மாநிலத்தின் செவிலியர் வாரியம் உரிமம் தரும். கூட்டிப் பார்த்தால் 38 முதல் 40 மாதங்கள். அங்கே படிக்கும் காலத்தில் மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. அப்படிப் பார்க்கவும் இந்தப் படிப்பு விடாது என்றே அதை முடித்தவர்கள் சொல்கிறார்கள், ஏனென்றால் மூன்று ஆண்டுப் பாடத்தை விடுமுறையின்றி அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

கட்டணம் டாலரில். 2019 இன் நடுவில் ஒரு டாலர் ஏறத்தாழ 14 ராண்டாக இருந்தது. 2020 ஏப்ரலில் 19 ராண்டைத் தொட்டது. அந்த ஆண்டு நான் அங்கே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. வெளிநாட்டுக் கட்டணத்தைக் கணக்கிடும்போது இன்றைய மாற்று விகிதத்தோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தே எழுதுங்கள் என்று யாருக்கும் நான் தயங்காமல் சொல்வேன்.

இங்கிலாந்தின் வழி வேறு விதமானது. அங்கே செவிலியர் பதிவுக்கு 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும்; பாதி வகுப்பில், பாதி நோயாளிகளிடத்தில். முன்பு கற்றதையும் செய்ததையும் மதிப்பிட்டு அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதால்தான் பட்டதாரி இரண்டு ஆண்டில் முடிக்க முடிகிறது. ஆக, கழித்துக்கொள்ள நம்மிடம் ஏதேனும் இருக்கவேண்டும். பேரேடு எழுதிய 13 ஆண்டுகளில் அங்கே எண்ணப்படக்கூடிய ஒரு மணி நேரம்கூட எனக்கு இல்லை. மாமனாரைப் பார்த்துக்கொண்டதற்குக் கையொப்பமிட்டுத் தர யாரும் இல்லை. இன்னொன்று, வயதுவந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கு கிளைகளில் ஒன்றை முதலிலேயே தேர்ந்தெடுத்து அதில்தான் பதிவு பெறுகிறார்கள். மகப்பேறு அங்கே தனிப் படிப்பு, தனிப் பதிவு. இங்கே திரும்பி வந்து வேலை பார்க்கும் எண்ணமுள்ளவர்களுக்கு இது சிறிய செய்தி இல்லை.

என் சித்தி மகள் அந்த வழியில்தான் போனாள். வயது 26, திருமணம் ஆகவில்லை, உளவியல் பட்டம் இருந்தது, டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்திருந்தாள். மனநலச் செவிலியம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அங்கேயே தங்கிவிடும் எண்ணமும் இருந்தது. 2021 இல் சேர்ந்து 2023 இல் முடித்து உடனே வேலையும் பெற்றாள். விரைவுப் படிப்பு யாருக்காக வகுக்கப்பட்டதோ அந்த ஆள் அவள். எனக்கோ குழந்தை இருந்தது. பாடம் சொல்லித்தரும் முதுநிலைப் படிப்புகளுக்குப் போகிறவர்கள் 2024 ஜனவரி முதல் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது என்று பிரிட்டன் விதியை மாற்றிவிட்டது என்பதையும் இன்று அந்த எண்ணத்தில் இருக்கும் தாய்மார்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இனி, உள்ளூர் வழிகள். இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பணம் இழந்தது இங்கேதான். ஆகஸ்ட் மாதம் டர்பன் நகர மையத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய கல்லூரி ஒன்றுக்குப் போனேன். 'ஓராண்டில் செவிலியர்' என்று சுவரில் எழுதியிருந்தார்கள். வரவேற்பறையில் இரும்புக் கட்டிலும் அதில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் இருந்தன. பதிவுக் கட்டணமாக 850 ராண்ட் கட்டினேன். வீட்டுக்கு வந்து, தென்னாப்பிரிக்கச் செவிலியர் கவுன்சில் தன் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களை மாகாணவாரியாக வெளியிட்டிருக்கும் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினேன், இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, தாங்கள் தருவது வீட்டுப் பராமரிப்புச் சான்றிதழ் என்றும், அதைக் கொண்டு 'பிறகு மேலே போகலாம்' என்றும் சொன்னார்கள். பணம் திரும்ப வரவில்லை. ஏமாந்தது 850 ராண்டோடு போயிற்று. அந்தப் படியிலேயே ஓராண்டு முழுவதையும் கட்டணத்தையும் இழந்துவிட்ட இளம்பெண்களை நான் பின்னாளில் சந்தித்திருக்கிறேன்.

ஆகவே வரிசை இதுதான்: கவுன்சிலின் பட்டியலில் நிறுவனம் இருக்கிறதா, நாம் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு அந்த வளாகத்துக்கு ஏற்பளிக்கப்பட்டிருக்கிறதா, உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்கவேண்டும். ஒரு குழுமத்தின் ஒரு வளாகத்துக்கு ஏற்பு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்கலாம் என்பதால் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடக் கூடாது.

ஓராண்டில் முறையான பதிவு கிடைக்கும் படிப்பும் உண்டு. உயர் சான்றிதழ் படித்தால் துணைச் செவிலியர் ஆகலாம். மூன்றாண்டுப் பட்டயம் படித்தால் பொதுச் செவிலியர். அதன்மேல் ஓராண்டு உயர் பட்டயம் படித்தால் மகப்பேற்றுச் செவிலியர் பதிவும் சேரும். நான்காண்டுப் பட்டம் படித்தால் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் என்ற இரண்டு பதிவுகளும் ஒன்றாகக் கிடைக்கும். பழைய நான்காண்டுப் படிப்பில் மனநலமும் சமூக நலமும் சேர்ந்து நான்கு பதிவுகள் கிடைத்தன. அதற்கான மாணவர் சேர்க்கை 2019 டிசம்பர் 31 உடன் முடிந்தது. பெரியம்மாவுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. "நாலு வருஷமும் குறையல, பதிவு மட்டும் பாதியாயிடுச்சு" என்பார். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

துணைச் செவிலியராக ஓராண்டில் சம்பளத்துக்கு வந்து, வேலை பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏறுவது எனக்கும் கவர்ச்சியாகத் தோன்றியது. கணவருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லாதிருந்தால் அதையே எடுத்திருப்பேன். ஆனால் அந்தப் படியிலிருந்து அடுத்த படிக்கு மறுபடியும் இடம் தேடவேண்டும், விடுப்புக்கு மேலதிகாரியின் தயவு வேண்டும், இடையே ஆண்டுகள் ஓடும். ஏணி நல்லது, இரண்டு படிகளுக்கு நடுவே எத்தனை ஆண்டு நிற்கவேண்டியிருக்கும் என்று கேட்டுவிட்டு ஏறினால்.

பட்டப்படிப்பில் எனக்கு விழுந்த அடி வேறு. அமெரிக்காவில் எந்த முந்தைய பட்டம் கதவைத் திறந்ததோ, அதே பட்டம் இங்கே உதவித்தொகைக் கதவை மூடியது. அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் முதல் இளநிலைப் படிப்புக்குத்தான் உதவுகிறது. இரண்டாவது பட்டத்துக்கு வருபவர் கைப்பணத்தையோ வங்கிக் கடனையோ சுகாதாரத் துறை, தனியார் மருத்துவமனைகளின் உதவித்தொகையையோ நாடவேண்டும். பின்னவற்றில் படித்து முடித்ததும் இத்தனை ஆண்டு அவர்களிடம் வேலை பார்க்கவேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கும். ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, இடையில் நின்றுவிட்டால் வட்டியோடு திருப்பித் தரவேண்டுமா, எந்த ஊருக்கு அனுப்பினாலும் போகவேண்டுமா என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். என் பழைய பட்டத்தால் சில துணைப் பாடங்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் ஆண்டுகள் குறையவில்லை.

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் மதிப்பெண்களையும் மறக்கக் கூடாது. 35 வயதில் யார் அதைக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், எல்லாரும் கேட்டார்கள். நான் 2001 இல் மெட்ரிக் முடித்தவள். 2008 க்கு முன் இருந்தது ஹயர் கிரேடு, ஸ்டாண்டர்டு கிரேடு என்ற பழைய முறை. அதைப் புதிய முறையின் புள்ளிகளாக மாற்றித்தான் தகுதி பார்க்கிறார்கள். உயிரியல் கட்டாயம். நல்லவேளையாக, கணக்கியலோடு பயாலஜியும் எடுத்திருந்தேன், அதுவும் தோழி எடுத்தாள் என்பதற்காக. அந்தத் தோழிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் விண்ணப்பங்கள் மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வழியாகப் போகின்றன. செவிலியப் படிப்புக்கு இடம் மிகக் குறைவு, பள்ளி முடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மனுப் போடுகிறார்கள் என்பதால் ஒரே இடத்தை நம்பி இருக்காமல், அனுமதிக்கப்பட்ட எல்லா விருப்பங்களையும் நிரப்பினேன்.

பேரேட்டுத் தாளில் உள்ளூர்ப் பட்டத்துக்கு நான் எழுதிய எண் 50. ஜனவரியில் தொடங்கி நான்கு ஆண்டுகள், பிறகு ஓராண்டு கட்டாயச் சமூக சேவை. இந்த ஐந்தாம் ஆண்டைப் பார்த்துப் பலர் மலைக்கிறார்கள். ஆனால் அது சம்பளம் உள்ள ஆண்டு. என் கணக்கில் முதல் சம்பளம் அங்கேயே வந்துவிடுகிறது. ஆக, 16 க்கும் 48 க்கும் இடையே இருந்த போட்டி 40 க்கும் 50 க்கும் இடையிலானதாகச் சுருங்கியது. அந்தப் பத்து மாத வித்தியாசத்துக்காக மகளை விட்டுப் பிரிவதும், டாலரில் கடன்படுவதும், வேறொரு நாட்டின் பதிவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பிரிட்டோரியாவில் கவுன்சிலின் மதிப்பீட்டுக்குக் காத்திருப்பதும் எனக்குப் பொருந்தாது என்று தெரிந்தது. அமெரிக்காவில் குடியேறும் எண்ணம் உள்ளவருக்கு இதே தாள் வேறு விடையைத் தந்திருக்கும்.

செலவுப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கவலைப்பட்டேன். பெரிய செலவு அதுவல்ல என்பது, வராமல்போகும் 50 மாதச் சம்பளத்தை அதன் கீழே எழுதியபோதுதான் தெரிந்தது. கட்டணத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அதை அறிந்த பிறகே வங்கிக்குப் போய் வீட்டுக் கடனின் காலத்தை நீட்டி மாதத் தவணையைக் குறைத்துக்கொண்டோம், இரண்டாவது காரை விற்றோம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே வங்கிக்குப் போனது நல்லதாயிற்று. வேலை போன பிறகு போயிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதினேன். மூன்றாம் ஆண்டில் இரவுப் பணி வந்ததும் அது நின்றுபோனது.

2020 ஜனவரியில் சேர்ந்தேன். மார்ச் 5 அன்று நாட்டின் முதல் கொரோனா தொற்று எங்கள் மாகாணத்திலேயே உறுதியானது. மார்ச் 26 நள்ளிரவில் ஊரடங்கு. செவிலியராக வேண்டும் என்று வேலையிழந்து வந்தவள், செவிலியர்களை நாடே தேடிக்கொண்டிருந்த மாதங்களில் சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்து எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் முதலாண்டு 2021 தொடக்கம் வரை இழுத்தது. நடைமுறைப் பயிற்சி மணிகளை விட்டுக்கொடுக்கக் கவுன்சிலுக்கு மனமில்லை, அது சரியும்கூட. விட்டுப்போன மணிகளை விடுமுறைகளில் நின்று ஈடுகட்டினோம். 2021 ஜூலைக் கலவரத்தில் ஒரு வாரமும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சில நாட்களும் அப்படியே போயின. எந்தப் படிப்பிலும் இப்படி நேரும். 16 மாதத்தில் அடைத்த படிப்பில் ஈடுகட்ட விடுமுறை எங்கே இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கணக்கு எழுதிய ஆண்டுகள் வீண் என்று நினைத்தது எவ்வளவு தவறு என்பது வார்டில்தான் தெரிந்தது. ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்றவேண்டும், குழாய் ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விடும் என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? ஆயிரத்தை இருபதால் பெருக்கி, 480 நிமிடங்களால் வகுத்தால் 41.7, அதாவது 42. உடன் படித்த 18 வயதுப் பிள்ளைகள் இதில் தடுமாறியபோது எனக்கு இது சம்பளப் பட்டியல் போடுவது போல இருந்தது. மார்ஃபின் முதலிய கட்டுப்பாட்டு மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் இரண்டு பேர் நின்று எண்ணி, இருப்பும் ஏடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையொப்பமிடவேண்டும். ஆலையில் ஆண்டுக்கொரு முறை இருப்புக் கணக்கெடுத்தவளுக்கு நாளுக்கு இரண்டு முறை. பிரசவ அறையில் பார்ட்டோகிராம் என்னும் வரைபடத்தில் கருப்பை வாய் விரிவதையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் குறித்துக்கொண்டே வருவோம்; கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் மருத்துவரை அழைக்கவேண்டும். ஏட்டில் ஒரு பத்தி சரியாக இல்லாவிட்டால் உறக்கம் வராத என் பழைய வியாதி அங்கே நன்றாகவே பயன்பட்டது.

பயன்படாதது என் தன்மானம். என் மகளைவிட ஒன்பது வயதே மூத்த பிள்ளைகளோடு படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டேன். என்னைவிட 10 வயது இளைய சிஸ்டர் எல்லார் முன்னிலையிலும், "அக்கவுண்டன்ட் அம்மா, கையுறையை மாற்றுங்கள்" என்றார். அவர் சொன்னது சரி. ஆனாலும் கழிப்பறைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். ஆலையில் எட்டுப் பேருக்கு மேற்பார்வையாளராக இருந்துவிட்டு வருகிறவர்கள் இதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளவேண்டும்; பாடத்தைவிட இதில்தான் என் வயதினர் இருவர் நின்றுபோனார்கள்.

மொழியைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் மாகாணத்து வார்டுகளில் பெரும்பாலான நோயாளிகள் பேசுவது ஜூலு. ஆலையில் கற்ற ஜூலு வேலை வாங்கும் ஜூலு. வலியைக் கேட்கும் ஜூலு அதில் இல்லை. 'குபுஹ்லுங்கு குபி?' என்றால் எங்கே வலிக்கிறது என்று பொருள். இந்த ஒரு வாக்கியத்தைச் சரியான ஒலியோடு சொல்லக் கற்ற நாளில் ஒரு கோகோ, நம் பேச்சில் பாட்டி, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் வலப்பக்கத்தில் வைத்தார். அதற்கு முன் இரண்டு நாட்கள் அவர் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு விரைவுப் படிப்புக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளவேண்டும்: வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், சரி, நோயாளி எந்த மொழியில் அழுவார்?

வீட்டைப் பொறுத்தவரை, பகல் பணி காலை 7 முதல் மாலை 7 வரை. பயிற்சிக்கு அனுப்பப்படும் மருத்துவமனை வீட்டுக்கு அருகில் இருக்கும் என்ற உறுதி இல்லை. கணவரும் ஷிப்ட் வேலை என்பதால் இருவரின் அட்டவணையையும் மாதத்துக்கு ஒருமுறை ஒட்டிவைத்து, இருவரும் வீட்டில் இல்லாத இரவுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த இரவுகளுக்கு மாமியாரை அழைத்துக்கொண்டோம். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்களின் பணி அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கல்லூரிக் கையேட்டில் இல்லாத செய்திகள் அதில் இருக்கும். ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவது எங்கள் குடும்பத்தில் என் பாட்டி காலத்திலிருந்து விடாத வழக்கம். மூன்று ஆண்டுகள் நான் போகவில்லை. நான்காம் ஆண்டு இரவுப் பணி முடிந்து சீருடையோடேயே போனேன், வரிசையில் நின்றபடியே உறங்கினேன்.

2023 டிசம்பரில் முடித்தேன். சமூக சேவைப் பணிக்கான ஆணை ஜனவரியில் வரவில்லை. பிப்ரவரி இறுதியில் வந்தது. முதல் சம்பளம் 2024 மார்ச் இறுதியில். என் தாளில் 50 என்று எழுதியிருந்தேன், உண்மையில் ஆனது 52 மாதங்கள். ஒதுக்கி வைத்திருந்த பணம் 50 ஆம் மாதத்தோடு தீர்ந்துவிட்டது. கடைசி இரண்டு மாதங்களுக்குப் பெரியம்மா கொடுத்தார். இனி யாருக்காவது இந்தத் தாளைப் போட்டுக் கொடுத்தால், கடைசியில் ஆறு மாதம் சேர்த்தே எழுதுவேன். சமூக சேவை முடிந்த பின் அரசுப் பணியிடம் உடனே கிடைப்பதும் இப்போது உறுதியில்லை. என்னோடு முடித்தவர்களில் சிலர் இன்னும் ஏஜென்சி வழியாக நாள்கூலிபோல் ஷிப்ட் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு மகப்பேற்றுப் பிரிவில் இடம் கிடைத்தது. தோளில் பதிவு பெற்ற செவிலியருக்கான மெரூன் பட்டை, அதில் மகப்பேற்றுக்கான பச்சைக் கோடு. 65 வயது வரை வேலை பார்க்கலாம் என்றால் எனக்கு இன்னும் 24 ஆண்டுகள் இருக்கின்றன.

சென்ற மாதம் கோயிலில் பூஜை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, 41 வயது ஆசிரியை ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்து கைப்பேசியைக் காட்டினார். 14 மாதத்தில் செவிலியர் பட்டம், பெரும்பகுதி இணையவழி, படிக்கும் இடம் அமெரிக்காவில் ஒரு மாநிலம். "அக்கா, இது நல்லதா?" என்று கேட்டார். அவருக்கு எந்த நாட்டில் வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டேன். இங்கேதான், அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது என்றார். பள்ளியில் கடைசிச் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை என்பதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மெட்ரிக்கில் பயாலஜி எந்த கிரேடு என்று கேட்டதற்கு நினைவில்லை என்றார். சான்றிதழ் டோங்காட்டில் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. அதையும் வீட்டுக் கடன் தாளையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பேரேட்டுத் தாள் என்னிடம் இருக்கிறது.